குப்பி நீர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுச்சூழல் டி.என்.ஏ. (உயிர்கள் நீரிலும் மண்ணிலும் காற்றிலும் விட்டுச்செல்லும் டி.என்.ஏ.) பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஒரு குப்பி நீர் எடுத்தால் போதும், ஏரியில் வாழும் உயிர்கள் அத்தனையும் தெரிந்துவிடும்; இனி வலை வீசவும் வேண்டாம், சேற்றில் இறங்கவும் வேண்டாம் என்ற தொனியில் அது முடிந்திருந்தது. அந்தத் தொனியோடுதான் எனக்கு வழக்கு, நுட்பத்தோடு அல்ல.

நுட்பம் அருமையானதுதான். ஒவ்வொரு உயிரும் தோல், சளி, கழிவு என்று எதையாவது உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. நீரை நுண்துளை வடிகட்டியில் செலுத்தி, அதில் சிக்கும் டி.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். முறையில் பெருக்கி (கொரோனா காலத்தில் நம் மூக்குகளுக்கு அறிமுகமான அதே பி.சி.ஆர்.தான்) அதிலுள்ள வேதி எழுத்துகளின் வரிசையைப் படிக்கிறார்கள். பிரான்சு நாட்டுக் குளங்களில் அமெரிக்கக் காளைத்தவளை ஊடுருவியிருப்பதை இப்படிக் கண்டறிந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. 2022இல் கோபன்ஹேகன் விலங்குக் காட்சிசாலையில் ஒரு குழுவும் இங்கிலாந்தின் ஹாமர்டன் காட்சிசாலையில் இன்னொரு குழுவும் வெறும் காற்றை வடிகட்டியே அங்கிருந்த விலங்குகள் பலவற்றை அடையாளம் கண்டதாக எழுதின. வியக்காமல் இருக்க முடியாது.

ஆனால் இயந்திரம் தருவது பெயரை அல்ல, எழுத்துகளின் வரிசையை. அந்த வரிசை எந்த உயிருக்கு உரியது என்று சொல்ல, ஏற்கெனவே பெயரிடப்பட்ட உயிர்களின் வரிசைகள் அடங்கிய தரவுத்தளம் வேண்டும். தங்கள் கட்டுரை இதை ஒரே வாக்கியத்தில் தாண்டிச் சென்றுவிட்டது. என்னைக் கேட்டால், கட்டுரையே அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் வடமேற்குக் கடற்கரையில் ‘டி வின்டன்ஸ் கோல்டன் மோல்’ என்றொரு சிறு பாலூட்டி உண்டு. கண் தெரியாதது, மணலுக்குள் புதைந்தே வாழ்வது. 1930களுக்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போயிருக்கலாம் என்றும் எண்ணினார்கள். பிரிட்டோரியா பல்கலைக்கழகமும் அந்நாட்டு வனவுயிர்க் காப்பு அறக்கட்டளை ஒன்றும் சேர்ந்து, மோப்ப நாயின் துணையோடு தடங்களைத் தேடி, அங்கிருந்த மணலை அள்ளிச் சோதித்தன. டி.என்.ஏ. கிடைத்தது. ஆனால் அது யாருடையது? கேப் டவுன் அருங்காட்சியகத்தில் இருந்த பழைய மாதிரி ஒன்றின் மரபணு வரிசை கிடைத்து, அதனோடு ஒப்பிட்ட பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது. 2023இல் உலகமே கொண்டாடிய அந்தச் செய்தியில் நாயின் படம் எல்லா இடத்திலும் வந்தது. என்றோ யாரோ பிடித்து, பதப்படுத்தி, சீட்டு எழுதிக் கட்டி, அலமாரியில் வைத்த அந்த உடலைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை.

பறவைகள், பாலூட்டிகள், மீன்கள் விஷயத்தில் தரவுத்தளம் ஓரளவு தேறிவிட்டது. பூச்சிகள், புழுக்கள், பூஞ்சைகள் என்று இறங்கினால் ஓட்டைகள் ஏராளம். போதாக்குறைக்கு, இனம் தவறாகக் குறிக்கப்பட்ட வரிசைகளும் பொதுத் தரவுத்தளங்களில் உண்டு. அந்தத் தவறு அடுத்து வரும் ஆய்வுகளுக்கும் தொற்றிக்கொள்ளும். இதையெல்லாம் சரிசெய்யக்கூடியவர் வகைப்பாட்டியல் அறிஞர் ஒருவர்தான். வண்டின் காலில் உள்ள மயிரை எண்ணி இனம் பிரிக்கும் ஆள் என்று கல்லூரிகளில் கேலி செய்யப்படுபவர். விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் படிப்புக்கு வரும் மாணவர்கள் அருகி வருகிறார்கள். ‘இனி டி.என்.ஏ. பார்த்துக்கொள்ளும்’ என்று எழுதினால் மிச்சமிருப்பவர்களும் வேறு வேலை தேடிப் போவார்கள்.

இன்னொன்று. பெயர் கிடைத்தாலும் கதை முடிவதில்லை. ‘நெஸ்ஸி’ என்ற மர்ம விலங்கு வாழ்வதாகக் கதை சொல்லப்படும் ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் 2018இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல் ஜெம்மெல் குழுவினர் சுமார் 250 நீர் மாதிரிகள் எடுத்தார்கள். ஊர்வன எதன் தடமும் இல்லை; விலாங்கின் டி.என்.ஏ. மட்டும் எங்கும் நிறைந்திருந்தது. உடனே அந்த மர்ம விலங்கு ஒரு ராட்சத விலாங்கோ என்ற பேச்சு கிளம்பியது. விலாங்கு ராட்சதமா, விரல் பருமனா என்பதை டி.என்.ஏ. சொல்லாது. எத்தனை இருக்கின்றன, ஆணா பெண்ணா, குஞ்சா முதிர்ந்ததா, உயிரோடு இருக்கிறதா என்பதையும் வழக்கமான சோதனை சொல்வதில்லை. ஓடும் நீரில் இடமும் மாறிப்போகும்: சுவிட்சர்லாந்து ஆறு ஒன்றில் ஏரிவாழ் உயிர்களின் டி.என்.ஏ.வைக் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் கீழே வரை கண்டிருக்கிறார்கள்.

‘இல்லை’ என்று வரும் முடிவு இதைவிட ஆபத்து. வெயிலிலும் நுண்ணுயிர்களாலும் நீரிலுள்ள டி.என்.ஏ. சில நாட்களிலோ வாரங்களிலோ சிதைந்துவிடும். பருவம் தப்பி எடுத்த ஒரு குப்பி நீரைக் காட்டி, இங்கே அரிய உயிர் எதுவும் இல்லை, கட்டடம் கட்டலாம் என்று யாராவது அறிக்கை நீட்டினால், எதிர்த்துக் கேள்வி கேட்கக் களத்தில் இறங்கிப் பார்த்த மனிதர் ஒருவராவது இருக்க வேண்டும் அல்லவா?

கடைசியாக ஒரு கோரிக்கை. ‘இத்தனை இனங்கள் கண்டறியப்பட்டன’ என்று இனிமேல் செய்தி வெளியிடும்போது, எந்த இனத்தோடும் பொருந்தாமல் போன வரிசைகள் எத்தனை என்பதையும் ஆய்வறிக்கையில் பார்த்துச் சேர்த்து வெளியிடுங்கள். அந்த எண் பெரும்பாலும் பின்னிணைப்பு அட்டவணைகளில்தான் இருக்கும். கொஞ்சம் தேட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்