வேகம் மட்டும் போதாதுங்க, தடுக்கவும் ஆள் வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க,

கொழிஞ்சாம்பாறை பக்கம் ஃபுட்பால்னா ஏழு பேரு ஆடற செவன்ஸும் கேரளா பிளாஸ்டர்ஸ் டீமும்தான், ஆனா நாங்க நாலஞ்சு பேரு ஞாயித்துக்கெழம வெடியால டீக்கடை பெஞ்சுல ஒரே போன வெச்சுட்டு பந்தக் கையில எடுத்துட்டு ஓடற, எறியற அமெரிக்க காலேஜ் ஃபுட்பாலும் பாக்கறமுங்க, அதப்பத்தி உங்க விளையாட்டுப் பக்கத்துல ஒரு வரி வர்றதில்ல.

இப்ப நெறைய டீமு ஸ்ப்ரெட் அஃபென்ஸ்ங்கற தாக்குற முறைலதான் ஆடறாங்க. பந்தப் புடிக்கற ரிசீவர்கள அகலமா பரப்பி நிறுத்திட்டு, கூடிப் பேசாமயே அடுத்தடுத்து ஆடறாங்க, அடுத்த ஆட்டத்தத் தொடங்கக் குடுக்கற 40 செகண்ட் கிளாக் பாதி ஓடறதுக்குள்ள பந்து கெளம்பிருது. அது பலிச்சா அழகு. பலிக்கலீன்னா மூணே பிளேல, அதாவது மூணு முயற்சில, பந்த எதிர் டீமுக்கு ஒதைச்சுக் குடுத்துட்டு வந்தர்றாங்க, அப்பத்தான் தண்ணி பாட்டில தொறந்த, தடுக்கறதுக்குன்னே தனியா இருக்கற டிஃபென்ஸ் பசங்க மறுக்கா ஹெல்மெட்ட மாட்டிட்டு ஓடணும், நாலாவது குவார்ட்டர்ல இடுப்புல கைய வெச்சுட்டு நிக்கறாங்க பாருங்க, மனசு கேக்காது.

2018 ஜனவரி 1 ரோஸ் பவுல்ங்கற பெரிய மேட்சுல ஸ்ப்ரெட் டீமான ஓக்லஹோமா 48 பாயிண்ட் எடுத்தும் ஜார்ஜியாகிட்ட 54-48ன்னு தோத்துச்சு. கிளெம்சனும் ஸ்ப்ரெட் டீம்தான், ஆனா 2018 சீசன்ல 15 மேட்சும் ஜெயிச்சு, ஃபைனல்ல அலபாமாவ 44-16ன்னு அடிச்சாங்க, காரணம் முன்வரிசைல நின்னு தடுக்கற டிஃபென்ஸ் லைனுங்க, அதுல மூணு பேரு 2019ல என்எஃப்எல்ங்கற தொழில்முறை லீக் காலேஜ் பசங்கள எடுக்கற டிராஃப்ட்ல மொத ரவுண்டுலயே போனாங்க. லீட் இருந்தா கோச்சு வேகத்த கொறைக்கணும், லைன்மேன்கள மாத்தி மாத்தி எறக்கணும், அவ்வளவுதானுங்க.

திங்கக்கெழம பேப்பர்ல இதுக்கு அரை காலமாவது ஒதுக்குங்கய்யா.

வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்