அவர்கள் கையில் இருந்தது வரைபடம் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கைபேசியில் வழி பார்ப்பது பற்றி வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது, ஆனால் அதோடு போட்டிருந்த ஓவியத்தைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. குதிரைமேல் உட்கார்ந்த ஐரோப்பியர் ஒருவர் பெரிய வரைபடத்தை இரண்டு கையாலும் விரித்து வழி தேடுகிறார், கீழே '16ஆம் நூற்றாண்டுப் பயணி' என்று குறிப்பு. அன்றைக்கு வழி நடந்தவர்களில் பெரும்பாலோர் வரைபடத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எழுதப் படிக்கத் தெரிந்து கொஞ்சம் வசதியும் இருந்தவர் கையில் இருந்திருக்கக் கூடியது ஒரு சின்னப் புத்தகம், அதற்குள் வரிசையாக ஊர்ப் பெயர்கள், அவ்வளவுதான்.

1552இல் பாரிஸில் சார்ல் எத்தியேன் அச்சிட்ட 'பிரான்சின் சாலைகளுக்கு வழிகாட்டி' இந்த வகையில் பெயர் பெற்றது. எத்தியேன் வைத்தியம் படித்தவர், உடற்கூறு பற்றிப் புத்தகம் எழுதியவர், குடும்பமே அச்சுத் தொழிலில் இருந்தது. அண்ணன் ரொபேர் மதப் பிரச்சினையில் ஜெனீவாவுக்குப் போய்விட, பாரிஸ் அச்சகம் இவர் பொறுப்புக்கு வந்தது. புத்தகத்தின் பக்கங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள், எனக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனாலும் விரலை வைத்து மேலிருந்து கீழே இறங்கினால் புரிந்துவிடுகிறது. ஓர் ஊர், அதன் கீழே அடுத்த ஊர், பக்கத்தில் இத்தனை லீக் (அந்தக் காலத்துத் தூர அளவு) என்று ஓர் எண். சில ஊர்களுக்கு எதிரே ஒற்றை எழுத்து, ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு நிற்க வேண்டிய இடத்துக்கு, இன்னொன்று இராத் தங்கலுக்கு. இடையிடையே எங்கே ஆற்றைக் கடக்க வேண்டும், எந்தக் காட்டில் கள்வர் பயம் உண்டு என்று சிறு குறிப்புகள்.

இதைப் பார்த்து 'பாவம், வரைபடம் போடத் தெரியாத காலம்' என்று நினைப்பது தப்பு. வரைபடங்கள் அப்போதே அச்சாகிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் சேற்றுப் பாதையில் மூன்று கிளை பிரியும் இடத்தில் நிற்கிறவருக்குப் பிரான்ஸ் முழுவதும் எப்படி இருக்கிறது என்பதா வேண்டும்? அடுத்த ஊரின் பெயர் வேண்டும், அதை வாய்விட்டுச் சொல்லி வயலில் நிற்கிறவரிடம் கேட்டால் அவர் கையை நீட்டிக் காட்டுவார், அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அடுத்த பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். வாய்தான் வழி காட்டியது, புத்தகம் எதைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தது. எத்தியேனுக்கே விவரம் வந்ததும் வாய் வழியாகத்தான், தூது போனவர்கள், வியாபாரிகள், யாத்திரிகர்கள் சொன்னதைச் சேகரித்துத்தான் அவர் தொகுத்தார். எனக்கு இதில் மனத்தைத் தொடுவது அதுதான், நாடு முழுக்க நடந்து தேய்ந்த கால்களின் அறிவு ஒரு சிறு புத்தகத்துக்குள் வந்திருக்கிறது, அவர்கள் பெயர்தான் வரவில்லை.

அப்புறம், லீக் என்றால் எல்லா இடத்திலும் ஒரே தூரம் இல்லை, பகுதிக்குப் பகுதி மாறும். இங்கிலாந்தில் மைலுக்கும் இதே கதைதான். அங்கே ஜான் ஓகில்பி 1675இல் 'பிரிட்டானியா' என்ற சாலை வரைபடப் புத்தகத்தை வெளியிட்டபோது, சக்கரம் வைத்த கருவியைச் சாலையில் உருட்டி அளந்து, 1,760 கெஜம் ஒரு மைல் என்ற சட்ட அளவையே எல்லாச் சாலைக்கும் வைத்தார். ஜனங்கள் வாய்க்கணக்காகச் சொல்லிவந்த மைல்களை அதனோடு சேர்த்துப் பார்த்தால் எண்ணிக்கை குறைவாக வருகிறது, அவர்கள் மைல் அவ்வளவு நீளம்! தகட்டில் செதுக்கி அச்சிட்ட நூறு படங்கள், ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கு. சுருள் காகிதத்தை விரித்தது போலப் பட்டை பட்டையாகச் சாலை மட்டும் கீழிருந்து மேலே ஓடுகிறது, ஒவ்வொரு பட்டைக்கும் தனியாக ஒரு திசைகாட்டி, ஏனென்றால் சாலை திரும்பினால் வடக்கும் இடம் மாறும். ஏறுகிற குன்றை நிமிர்த்தியும் இறங்குகிற குன்றைத் தலைகீழாகவும் வரைந்திருக்கிறார்கள். ஊர்ப் பட்டியலுக்குத்தான் உருவம் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அது மேசைமேல் வைத்துப் பார்க்க வேண்டிய பெரிய புத்தகம், குதிரைமேல் கொண்டுபோக ஆகாது. பைக்குள் அடங்கும் பதிப்புகள் 1719, 1720 வாக்கில்தான் வந்தன, அதாவது உங்கள் ஓவியர் காட்டிய காலத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து.

வழிப்போக்கருக்கென்றே போட்ட வரைபடம் அதற்கு முன்னால் இல்லவே இல்லையா என்றால், இருந்தது. 1500ஆம் ஆண்டு ரோமில் யூபிலி ஆண்டு, அதாவது கத்தோலிக்கர்களின் புனித ஆண்டு, அதையொட்டி யாத்திரை போகிறவர்களுக்காக நூரம்பர்க்கைச் சேர்ந்த எர்ஹார்ட் எட்ஸ்லாப் என்ற திசைகாட்டிக் கைவினைஞர் மரக்கட்டை அச்சில் ஒற்றைத் தாளில் ஒரு படம் போட்டார். அதில் சாலைக்குக் கோடு கிடையாது, புள்ளிகள்தான். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே ஒரு ஜெர்மன் மைல், நம் கணக்கில் ஏழு கிலோமீட்டருக்குச் சற்று மேல். புள்ளியை எண்ணிக்கொண்டே போனால் இன்னும் எத்தனை தூரம் என்று தெரிந்துவிடும், அளவுகோலே வேண்டாம்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். இந்தப் பொருளை மறுபடி தொடும்போது கற்பனை ஓவியம் வேண்டாம், எத்தியேனின் ஒரு பக்கத்தையோ எட்ஸ்லாபின் அந்தப் படத்தையோ போடுங்கள். எட்ஸ்லாப் படத்தைப் போட்டால் ஒன்றை மட்டும் கவனியுங்கள், ரோம் மேலேயும் டென்மார்க் கீழேயும் இருக்கும். தவறு என்று நினைத்துப் பக்க வடிவமைப்பில் யாரும் திருப்பி வைத்துவிட வேண்டாம், ஜெர்மனியிலிருந்து ரோமுக்கு நடக்கிறவருக்கு முன்னால் இருப்பது தெற்குதான்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்