கம்பி மறுபடி மேலே ஏறிவிட்டது

நம் குடியிருப்பில் உள்ள எல்லோருக்கும், தினம் காலையில் ரேடியோவில் ஒன்றுகூடிப் பேசும் ‘நெட்’டில் சந்திக்கும் ஹாம் (உரிமம் வாங்கிய அமெச்சூர் வானொலி) உறவுகளுக்கும் வணக்கம்.

நேற்று மதியம் மூன்று மணிக்கு என் ரேடியோவின் கம்பி ஆன்டெனா மறுபடி மொட்டைமாடியில் ஏறியது. ஐந்து மணிக்கு 40 மீட்டர் அலைவரிசையில் கூப்பிட்டேன். பெங்களூரிலிருந்து பதில் வந்தது: “ஐந்து ஒன்பது, நல்லா வர்றீங்க. எங்கே போயிட்டீங்க இத்தனை நாளா?” ‘ஐந்து ஒன்பது’ என்றால் குரல் தெளிவாகவும் பலமாகவும் கேட்கிறது என்று அர்த்தம். மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை. நம் குடியிருப்பில் அந்தக் கம்பியை இறக்கச் சொன்னதும், பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரியும். அதைக் கிளறுவதற்காக இதை எழுதவில்லை. மனசு நிறைந்திருக்கிறது, அது ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி நம் காவலாளி அண்ணனுக்கு.

கம்பியை இறக்கச் சொன்ன அன்று நான் ஊரில் இல்லை. ராத்திரி பத்து மணிக்குத் திரும்பி வந்தபோது மாடியில் வெறும் குழாய்தான் நின்றது. கீழே இறங்கும்போது அண்ணன் மாடிப்படிக்கு அடியில் கூப்பிட்டு ஓர் அரிசி மூட்டைப் பையைக் கையில் கொடுத்தார். துண்டு துண்டாக நறுக்கிய செம்புக் கம்பிதான் உள்ளே இருக்கும் என்று நினைத்தேன்.

பிரித்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் கம்பி, ஒரு மடிப்புகூட விழாமல் பெரிய வளையமாகச் சுற்றி, பழைய லுங்கித் துணியால் மூன்று இடத்தில் கட்டியிருந்தது. முனைகளில் பீங்கான் இன்சுலேட்டர்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு முனையிலும் கல்யாணப் பத்திரிகை அட்டையில் கிழித்த ஒரு துண்டு. ஒன்றில் “டேங்க் பக்கம்”, இன்னொன்றில் “வேப்பமரம் பக்கம்” என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தார். கேபிள் முனையைப் பாலித்தீன் பையில் நுழைத்து, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருந்தார். ஆன்டெனாவையும் ரேடியோவையும் இணைக்கும் அந்தக் கோஆக்ஸ் கேபிளுக்குள் ஒருமுறை தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் செம்புப் பின்னல் கறுத்துப் போகும். அப்புறம் அந்தக் கேபிளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இதை அவருக்கு நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

“மழைக்கு முன்னாடி நீங்க அந்த எடத்துலதானே டேப்பு சுத்துவீங்க, பாத்திருக்கேன் சார்” என்றார். “வெட்டிப் போட்டுடுன்னுதான் சொன்னாங்க. வெட்டினா திரும்பச் சேக்க முடியுமான்னு தெரியல. அதான் அவுத்துட்டேன்.”

அவர் பழவேற்காட்டுக்காரர். நாற்பது வயது வரை வலை பின்னியவர். மூன்று வருஷம் வெயிலிலும் மழையிலும் இறுகிக் கிடந்த நைலான் முடிச்சுகளை அன்று மதியம் இரண்டு மணியிலிருந்து பொழுது சாயும் வரை ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பி எடுத்திருக்கிறார். கட்டிங் பிளேயர் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. ரேடியோவையே விட்டுவிடலாம் என்று முடிவெடுத்துத்தான் அன்று படியிறங்கினேன். அந்தப் பையைப் பார்த்த பிறகு விட மனசு வரவில்லை.

மற்றவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பொதுக்குழுவில் மறுபடி பேச இடம் கொடுத்த நிர்வாகிகள், கம்பி போகத் தன் மாடி மூலையைத் தந்த நான்காம் மாடி அம்மா, தாம்பரத்திலிருந்தும் ஆவடியிலிருந்தும் ஆன்டெனா சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கும் எஸ்டபிள்யூஆர் மீட்டரோடு பைக்கில் வந்த நண்பர்கள், வீடு வீடாக ஏறி டிவி வயரிலும் காலிங் பெல் வயரிலும் ரேடியோ இடைஞ்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டிவிட்ட கல்லூரிப் பிள்ளைகள், எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

இந்த நாட்களில் ஒன்று புரிந்தது. தேர்வு எழுதி, காத்திருந்து, மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவிடமிருந்து உரிமம் வாங்குகிறோம். அலைவரிசையில் பேச அது அனுமதி தருகிறது. மொட்டைமாடியில் ஓர் ஆணி அடிக்கக்கூட அது உதவாது. அமெரிக்காவில் 1985-லேயே ஓர் ஆணை வந்தது. ஹாம் ஆன்டெனாக்களுக்கு நகராட்சிகள் நியாயமான அளவில் இடம் கொடுத்தாக வேண்டும். ஆனால் வீட்டு உரிமையாளர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தை அந்த ஆணை தொடவில்லை. அங்கேயும் கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் போய் நிற்கிறார்கள். நமக்கும் தெளிவான ஒரு விதி வேண்டும், அதற்காகத் தொடர்ந்து கேட்போம். அதுவரை நம்மைக் காப்பது அக்கம்பக்கத்தாரின் மனசுதான்.

இந்தக் கம்பி எதற்கு என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அன்று எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை, இப்போது சொல்கிறேன். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம், அங்கிருந்து ஹாம் ரேடியோவில் பேசுவதற்காகக் குழுவோடு அந்தமானுக்குப் போயிருந்தார். 26-ஆம் தேதி சுனாமி வந்தது. போர்ட் பிளேரில் தொலைபேசி செத்துக் கிடந்தபோது, அவர்கள் கொண்டுபோயிருந்த ரேடியோ வழியாகத்தான் பல குடும்பங்களுக்கு “உயிரோடு இருக்கிறோம்” என்ற சேதி போனது. 2015 டிசம்பரில் நம் சென்னையிலேயே செல்போன்கள் ஊமையானதை எல்லோரும் பார்த்தோம். புயல் வந்த பிறகு ஆன்டெனா கட்ட முடியாது. முன்னாடியே கட்டி, தினமும் பேசிப் பழகி வைத்திருக்க வேண்டும். தினம் காலையில் நாங்கள் கூடிப் பேசுவது அந்தப் பழக்கத்துக்காகத்தான்.

ஒரு வாக்கும் தருகிறேன். யார் வீட்டு டிவியில் கோடு விழுந்தாலும், ஸ்பீக்கரில் என் குரல் கேட்டாலும், கதவைத் தட்டுங்கள். அந்த நிமிஷமே ரிக்கை (என் ரேடியோ பெட்டியை) அணைத்துவிட்டு வருகிறேன். சரிசெய்த பிறகுதான் மறுபடி போடுவேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் கயிறுகளை மாற்றிவிடுவேன்.

அண்ணனின் மகளுக்கு வருகிற தை மாதம் 12 வயது நிறைகிறது. ஹாம் தேர்வு எழுத அந்த வயது போதும். நேற்று கயிற்றை இழுத்துப் பிடித்தவள் அவள்தான். பெங்களூர்க்காரர் அவள் பெயரைக் கேட்டுத் திருப்பிச் சொன்னபோது, ஹெட்ஃபோனைக் கழற்றி அப்பாவின் காதில் வைத்தாள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். குடியிருப்பில் வேறு பிள்ளைகளுக்கு ஆசை இருந்தால் அவர்களும் வரட்டும்.

அந்த இரண்டு அட்டைகளையும் நான் அவிழ்க்கவில்லை. நனையாமல் டேப் சுற்றி, முனைகளிலேயே விட்டிருக்கிறேன். டேங்க் பக்கம் ஒன்று, வேப்பமரம் பக்கம் ஒன்று.

அன்புடன், 73 (ஹாம்கள் விடைபெறும்போது சொல்லும் வாழ்த்து).