டிஸ்க் வலிக்கு ஊசி போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அக்குபங்சர் சிகிச்சையாளர்களுக்கு வணக்கம்.

நான் உங்கள் எதிரி இல்லை. கீழ் முதுகில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கி, இடது கால் பெருவிரல் வரை சுரீர் சுரீரென்று இழுத்த நாட்களில் உங்களில் ஒருவரிடம் குப்புறப் படுத்து ஊசி போட்டுக்கொண்டவன்தான். வலி குறைந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் 'பட்டுப் பார்க்காமல் பேசுகிறான்' என்பீர்கள். கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதையும் சொல்லியாக வேண்டும். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த கிளினிக்கில் மேசைக்கு மேலே லேமினேட் செய்த தாள் ஒன்று: 'டிஸ்க் பிதுக்கம் உள்ளே போகும். உலக ஆராய்ச்சியில் நிரூபணம்.' எந்த ஆராய்ச்சி என்று கேட்டேன். "சைனாவுல பண்ணியிருக்காங்க சார்" என்றார், என் எம்ஆர்ஐ ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி.

வீட்டுக்கு வந்து தேடினேன். 2024 அக்டோபரில் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த ஆய்வு. சீனாவில் 6 பெரிய மருத்துவமனைகள். டிஸ்க் பிதுங்கி நாள்பட்ட சயாட்டிகாவோடு, அதாவது நரம்பு அழுந்திக் காலுக்கு இறங்கும் வலியோடு, இருந்த 216 பேர். பாதிப் பேருக்கு நிஜ ஊசி, பாதிப் பேருக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போடுவதுபோல் காட்டும் போலி ஊசி, நான்கு வாரத்தில் 10 முறை. 100 மில்லிமீட்டர் அளவுகோலில் கால்வலி நிஜ ஊசிக்காரர்களுக்குச் சுமார் 31 இறங்கியது, மற்றவர்களுக்கு 15. இடைவெளி பிறகு கொஞ்சம் சுருங்கினாலும் 52-வது வாரத்திலும் இருந்தது. நல்ல ஆய்வு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது முதன்மையாக அளந்தது வலியையும் நடமாட்டச் சிரமத்தையும். டிஸ்க் உள்ளே போனது என்று அது சொல்லவில்லை, உங்கள் சுவர்தான் சொல்கிறது.

பிதுங்கிய டிஸ்க் பலருக்குத் தானாகவே வற்றுகிறது. பெரிதாக வெளியே வந்துவிட்ட துண்டுக்குத்தான் அந்த வாய்ப்பு அதிகம். உடம்பின் தற்காப்பு அணுக்கள் அதைத் தின்று தீர்க்கின்றன. முதுகுவலியே இல்லாத 98 பேரை 1994-ல் அமெரிக்காவில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு டிஸ்க் புடைத்திருந்தது. ஆகவே, ஊசிக்கு முன் ஒரு ஃபிலிம், பின் ஒரு ஃபிலிம் என்று வாட்ஸப்பில் போடுவதால் ஒன்றும் நிரூபணமாகாது. ஊசி போடாதவர்களின் ஃபிலிம் எங்கே?

போலி ஊசியின் கதை இன்னும் சுவையானது. ஜெர்மனியில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007-ல் வெளியானது. ஆறு மாதத்தில் பலன் கண்டவர்கள், முறைப்படி ஊசி போட்டதில் 47.6 சதவீதம், அக்குபங்சர் புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியதில் 44.2, வழக்கமான மருந்து, உடற்பயிற்சியில் 27.4. இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவில் பல்குத்தும் குச்சியை வைத்து ஊசி போடுவதுபோல் பாவனை காட்டினார்கள். குச்சிக்காரர்களும் ஊசிக்காரர்களும் ஏறக்குறைய சமமாகத் தேறினார்கள். எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, முதுகுவலிக்கு அக்குபங்சர் கொடுக்கலாம் என்று 2009-ல் சொன்னது. 2016-ல் வேண்டாம் என்றது. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. சீனத்து 216 பேர் அதனால்தான் முக்கியம்: அங்கே போலியை நிஜம் ஜெயித்தது. ஆனால் அது ஒரே ஆய்வு, அதுவும் சயாட்டிகாவுக்கு. வெறும் இடுப்புப் பிடிப்போடு வருகிறவருக்கு அதைக் காட்டாதீர்கள்.

ஊசியே போடாமல், நாடி பார்த்து ஒரு விரலால் ஒரு புள்ளியைத் தொட்டு அனுப்புகிறவர்களும் உங்களில் உண்டு. அந்த ஆய்வு அவர்களுக்குச் சாட்சி சொல்லாது. எங்கே குத்தினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றே என்ற ஜெர்மன் ஆய்வு சொல்லுமே என்றால், அப்புறம் நாடியும் புள்ளியும் எதற்கு என்று நான் கேட்பேன்.

2019-ல் மத்திய அரசு உங்கள் முறையைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றது. இனி நீங்களே ஆய்வு செய்யலாமே? மருத்துவ ஆய்வுகளைப் பதியும் நமது நாட்டின் சிடிஆர்ஐ பதிவேட்டில் பதிவுக்குக் கட்டணம் இல்லை. முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பதிந்துவிடுங்கள். யாருக்கு நிஜம், யாருக்குப் போலி என்பதைக் குலுக்கல் முடிவு செய்யட்டும். வலியைக் குறித்துக்கொள்கிறவருக்கு அது தெரியவே கூடாது.

ஒன்றை மட்டும் எந்த ஆய்வுக்கும் காத்திராமல் செய்யுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டது, உட்காருமிடம் மரத்துவிட்டது, பாதம் தொங்குகிறது என்று யாராவது சொன்னால் ஊசிப் பெட்டியை மூடிவிட்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

கடைசியாக, அந்த கிளினிக்கின் நீளமான கணக்கு நோட்டு. என் முறைக்குக் காத்திருந்தபோது திறந்தே கிடந்தது. பாதியில் வராமல் போனவர்கள் பெயருக்கு நேரே பச்சை மையில் 'சரியாயிடுச்சு'. ஒருவருக்கும் போன் போட்டதாகத் தெரியவில்லை. ஏழாவது முறையோடு நானும் நின்றுவிட்டேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: வலி பாதி குறைந்தது, பெருவிரல் மரமரப்பு அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நோட்டில் குணமாகிவிட்ட ஒருவன்