கதிருக்கு, காமிக்ஸ் பெட்டிகளைப் பற்றி

குன்னூர்,
புரட்டாசி மாதம்.

அன்புள்ள கதிர்,

நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். மாதம் 150 டாலருக்குப் புது காமிக்ஸ் வாங்குவது, 18 வருஷம் சேர்ப்பது, பாப்பா காலேஜுக்குப் போகும்போது விற்பது, அதுவரை பெட்டிகள் குன்னூர் வீட்டில் இருப்பது என்று எழுதியிருக்கிறாய். படிக்க வாங்கினால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பாப்பாவின் படிப்புச் செலவை மட்டும் இதில் போடாதே கண்ணு. ஏன் என்று எழுதுகிறேன், முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

இதழ் ஒன்று 5 டாலர் என்றால் மாதம் 30, 18 வருஷத்தில் 6,480 இதழ். பிளாஸ்டிக் உறையும், இதழ் வளையாமல் பின்னால் வைக்கும் பின்னட்டையும் போட்டால் சின்னப் பெட்டி ஒன்றில் 150 பிடிக்கும். ஆகமொத்தம் 44 பெட்டி, எடை அரை டன்னுக்கு மேல். உன் கையிலிருந்து போகும் பணம் 32,400 டாலர். இதே 150-ஐ மாதாமாதம் வருஷத்துக்கு 7 சதவீதம் தரும் எதிலாவது போட்டுவந்தால் முடிவில் ஏறக்குறைய 64,000 டாலர் நிற்கும். காமிக்ஸ் அதற்கு ஈடுகொடுக்க வேண்டுமானால் 6,480 இதழும், ஒன்றுகூட விடாமல், செலவெல்லாம் போகத் தலைக்குப் பத்து டாலர் கொண்டுவர வேண்டும். உங்கள் ஊர்க் கடைகளில் ‘டாலர் பெட்டி’ என்று ஓரமாக வைத்திருப்பார்களே, அதில் கிடப்பவை என்ன? யாரோ நாலு டாலர் கொடுத்துப் புதுசாக வாங்கி, உறை போட்டுப் பத்திரப்படுத்திய இதழ்கள்தான். தனித்தனியாக இணையத்தில் விற்றால் தளத்துக்கு 13 சதவீதம் அளவுக்குக் கமிஷன், அப்புறம் தபால், பேக்கிங். மொத்தமாகக் கடையில் கொடுத்தால் அவர் விற்கும் விலையில் ஒரு பங்குதான் கைக்கு வரும்.

பழையதெல்லாம் விலை ஏறியிருக்கிறதே என்று கேட்பாய். 1938-ல் சூப்பர்மேன் முதன்முதலில் வந்து 10 சென்ட்டுக்கு விற்ற ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் நல்ல பிரதி ஒன்று 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது உண்மைதான். அந்த விலைக்கு வயசு மட்டும் காரணமில்லை. அதை யாரும் பொருட்டாக நினைக்கவில்லை. பிள்ளைகள் படித்துக் கிழித்தார்கள், அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள், உலகப்போர் சமயத்தில் பழைய தாள் திரட்டியபோது கட்டுக்கட்டாகக் கூழாக்கப் போனது. தப்பிப் பிழைத்தது கொஞ்சம், கேட்பவர்கள் ஏராளம். நம் பக்கத்திலும் அதே கதைதான். 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது, 1984-ல் லயனும் ராணி காமிக்ஸும் வந்தன. அந்த இதழ்களில் பெரும்பகுதி பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் போய்ப் பொட்டலமாகிவிட்டது. வாடகை நூலகத்துக்குப் போனவற்றை ஓரம் வெட்டி, பத்துப் பத்தாக பைண்ட் செய்து, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்திவிட்டார்கள். அதனால்தான் அட்டையோடு முழுசாக ஒன்று கிடைத்தால் அந்தப் போட்டி.

இப்போது மறுபக்கத்தைப் பார். 1991-ல் எக்ஸ்-மென் புது வரிசையின் முதல் இதழ் ஐந்து அட்டைகளில், 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் வந்தது. அடுத்த வருஷம் சூப்பர்மேன் சாகும் 75-ஆம் இதழ், கறுப்புப் பிளாஸ்டிக் உறைக்குள் துக்கப் பட்டையோடு லட்சக்கணக்கில் விற்றது. வாங்கியவர்களில் ஏகப்பட்ட பேர் உன்னைப் போலவே கணக்குப் போட்டவர்கள். பிரிக்காமல், மடங்காமல் பீரோவில் வைத்தார்கள். எல்லாரும் வைத்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாகியும் இரண்டுமே சாதாரணப் பிரதி மலிவாகத்தான் கிடைக்கிறது. அந்த அலை அடங்கியதும் கடைகள் வரிசையாக மூடின, மார்வெல் கம்பெனியே 1996 டிசம்பரில் திவாலுக்கு மனு போட்டது. எல்லாரும் பத்திரப்படுத்தும் பொருள் அரிதாவதற்கு வழியே இல்லை.

விதிவிலக்கு உண்டு. நிஞ்ஜா ஆமைகளின் முதல் இதழ் 1984-ல் சுமார் 3,000 பிரதி. 2003-ல் வாக்கிங் டெட் முதல் இதழ் சுமார் 7,000. இரண்டும் சின்ன வெளியீடு, கறுப்பு வெள்ளை, பெயர் தெரியாத பாத்திரங்கள். பின்னால் கதை வளர்ந்தது, டிவி வந்தது, விலை எகிறியது. அன்றைக்கு அதே அலமாரியில் அதே மாதிரி சின்ன வெளியீடுகள் எத்தனையோ இருந்திருக்கும். எது முளைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. படம் வரப்போகிறது என்று செய்தி வந்தபின் வாங்கினால் அந்தச் செய்தியின் விலையையும் சேர்த்துத்தான் கொடுக்கிறாய். பெரும்பாலும் படம் வெளியாகும் வாரத்துக்குள் விலை இறங்கத் தொடங்கிவிடும். 2020, 2021-ல் எல்லாரும் வீட்டில் இருந்தபோது ஏறிய விலைகளும் 2022-க்குப் பிறகு அப்படித்தான் சரிந்தன.

விகித அட்டை பற்றிக் கேட்டிருந்தாய். 25-க்கு ஒன்று என்றால், கடைக்காரர் சாதாரண அட்டையில் 25 வாங்கினால் அந்தச் சிறப்பு அட்டை ஒன்று அவருக்குக் கிடைக்கும் என்று அர்த்தம். அரிதுதான், ஆனால் வேண்டுமென்றே செய்த அரிது. வெளிவரும் வாரத்தில் உச்ச விலை, மூன்று மாதத்தில் அடுத்த அட்டை வந்ததும் பழையதைக் கேட்க ஆளில்லை. கதையில் முக்கியமான ஒன்று நடந்திருந்தால் மட்டும் நிற்கும். புது ஸ்பைடர்மேனான மைல்ஸ் மொராலஸ் முதலில் வந்த 2011-ன் அல்டிமேட் ஃபால்அவுட் நான்காம் இதழின் விகித அட்டை அப்படி நின்ற ஒன்று.

ஸ்லாப் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சி.ஜி.சி. போன்ற நிறுவனம் 10-க்குத் தரமிட்டு பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்துத் தருகிறது. பழைய இதழுக்கு அதில் அர்த்தம் இருக்கிறது, பக்கம் குறைந்திருக்கிறதா, ஒட்டுவேலை நடந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். புது இதழுக்கு 9.8 என்பது அபூர்வமே இல்லை. கடையிலிருந்து நேராக அனுப்பப்படுவதால் பல இதழ்களுக்கு அதிகம் கிடைக்கும் தரமே அதுதான். வாங்குமுன் அந்த நிறுவனம் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியலில் 9.8 எத்தனை என்று பார். ஆயிரக்கணக்கில் இருந்தால் விட்டுவிடு. இதழ் 5, தரமிடும் கட்டணமும் தபாலும் சேர்த்து 45 என்று வை, 50 டாலர் ஆச்சு. 7 சதவீதக் கணக்கில் 20 வருஷத்துக்கு 193 ஆக வேண்டும், கமிஷன் போக அது கைக்கு வர 222-க்கு விற்க வேண்டும். போதாக்குறைக்கு, ஸ்லாப் போட்டால் படிக்கவும் முடியாது. திறக்க முடியாததைப் புத்தகம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தமிழில் வாங்கினாலும் நிலைமை இதேதான். லயன்-முத்து இதழ்களைச் சந்தா கட்டி வாங்குபவர் அத்தனை பேரும் சேகரிப்பாளர்கள், ஒருத்தரும் எடைக்குப் போட மாட்டார். அதோடு மறுபதிப்பு வரும். இரத்தப் படலம் 2010-ல் கறுப்பு வெள்ளையில் ஒரே தடிமனான தொகுப்பாக வந்தது, 2018-ல் வண்ணத்தில் வந்தது. கதைக்காகத் தேடியவர் வண்ணத்துக்குப் போய்விடுவார், பழைய தொகுப்பைக் கேட்பவர் தீவிரச் சேகரிப்பாளர் மட்டும். இன்னொன்றையும் யோசி. பழைய மாயாவிக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர் தன் பள்ளிக்கூட வயசைத்தான் விலைகொடுத்து வாங்குகிறார். அந்தத் தலைமுறைக்கு இப்போது ஐம்பது, அறுபது. இன்னும் இருபது வருஷத்தில் அவர்கள் வீட்டுப் பெட்டிகளும் உன் பெட்டிகளும் ஒரே சந்தைக்கு வரும்.

இனி குன்னூரில் வைப்பது. ஊட்டிக்கு ஆடி மழை, நமக்கு ஐப்பசி மழை. ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் மூடுபனி ஜன்னலோடு நிற்கும். பீரோவுக்குள் தோல் பெல்ட் பச்சை பூக்கிற ஊர் இது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் தாளில் பூசணம் பிடிக்கும், காமிக்ஸுக்கு வேண்டியது 45 முதல் 55. குளிர்ச்சி தாளுக்கு நல்லதுதான், சென்னையைவிட இங்கே தாள் மெதுவாகத்தான் பழுக்கும். ஈரம்தான் எமன். பழைய நியூஸ்பிரிண்ட் அதிலிருக்கும் அமிலத்தால் பழுப்பேறி நொறுங்கும். இப்போதைய வழவழப்புத் தாளுக்கு அந்த வியாதி குறைவு, ஆனால் ஈரம் பட்டால் மேற்பூச்சு இளகிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டும், பிரித்தால் படம் உரிந்துவரும். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் பழுப்பு வட்டம் விழும். ஸ்லாப்பும் காற்றுப் புகாத கூடு இல்லை, அதை நம்பாதே.

ஆகவே, அனுப்பினால் 44 பெட்டி இல்லை, ஒரு பெட்டி. நீ திரும்பப் படிக்க விரும்பும் இதழ்கள் மட்டும். மைலார் உறை நல்லது, விலை அதிகம். பாலிப்ரொப்பிலீன் உறை போதும், ஆனால் ஐந்தாறு வருஷத்தில் மாற்ற வேண்டும். புது மழைக்கோட்டு மாதிரி வாசனை வந்தால் அது பி.வி.சி., தொடாதே. பின்னட்டை அமிலமற்றதாக இருக்கட்டும், சாதாரண அட்டைப்பெட்டியை வெட்டி வைத்தால் அதன் அமிலம் இதழுக்கு இறங்கும். உறையின் ஒட்டுநாடா இதழ் முகப்பைக் கவ்விக் கிழிப்பதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து, அதனால் மடலைப் பின்பக்கம் மடித்து ஒட்டு, எடுக்கும்போது நாடாவை முழுசாக நீக்கிவிட்டு எடு.

மூடியில் ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் பெட்டி இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். 50 லிட்டர் பெட்டிக்கு அரை கிலோவாவது சிலிக்கா ஜெல், நிறம் மாறும் வகை, துணிப்பையில். உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. அளவு 40-க்குக் கீழே போனால் ஜெல்லைக் குறைக்க வேண்டும், அதிகம் காய்ந்தாலும் அட்டை வளையும். ஜெல்லின் நிறம் மாறினால் 110 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி உதவும். இதழ்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும், சாயவும் கூடாது, இறுகவும் கூடாது. பெட்டி வெளிச்சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், உள்ளறையில் இருக்கும். ராமபாணப் பூச்சிக்குப் பாச்சை உருண்டை போடும் பழக்கம் வேண்டாம், அந்த நெடி தாளைவிட்டுப் போகாது, சில பிளாஸ்டிக்கையும் இளக்கும். பூச்சி இருக்கிற சந்தேகம் வந்தால் பாலித்தீனில் இறுக்கிச் சுற்றி, ஃபிரீஸரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் பிரிக்காமல் விட வேண்டும். பூசணம் வந்த இதழை முதலில் தனியே வைத்து நிழலில் உலர்த்தி, மென்மையான பிரஷால் வாசலில் வைத்துத் தட்டணும், மூக்கைக் கட்டிக்கொண்டு. ஈரத்துணி கூடாது. வெயிலில் காயவைக்கவும் கூடாது, மலை வெயில் சிவப்பையும் மஞ்சளையும் சீக்கிரம் வெளுத்துவிடும்.

எப்போது மூடுகிறோம் என்பதுதான் முக்கியம். கார்த்திகையில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுகிறோம், தாளே ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். தை, மாசியில் காற்று காய்ந்திருக்கும்போது இரண்டு வாரம் திறந்து வைத்து, பிறகு மூட வேண்டும். அதனால் இப்போது எதையும் அனுப்பாதே, மார்கழிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பேரம் பேசிக்கொண்டிருக்கிறாயே அந்த ஹல்க் 181-ஆம் இதழ். 1974-ல் வந்தது, வுல்வரின் முதன்முதலில் முழுசாக வருவது அதில்தான், நீ பட்டியலிட்டதில் எனக்குச் சம்மதமானது அது ஒன்றுதான். ஆனால் அந்தக் காலத்து மார்வெலில் வெட்டி ஒட்டும் ஸ்டாம்ப் ஒன்று அச்சடித்திருப்பார்கள், பிள்ளைகள் கத்தரித்துவிடுவார்கள். அது போனால் விலையில் பெரும்பகுதி போச்சு, முன் அட்டையைப் பார்த்து ஒன்றும் தெரியாது. வாசகர் கடிதப் பக்கத்தின் படமும், நடுப்பக்கத்தில் இரண்டு பின்னும் தெரியும் படமும் கேள். தர மறுத்தால் விட்டுவிடு, வேறொன்று வரும்.

அன்புடன்,
அம்மா