செத்த காயிலைத் தூக்கி எறியாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காடுமேடெல்லாம் ஏறும் பழைய ஏடிவி வண்டிகளை மறுபடி ஓட வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கம்ப்ரஷன் இருக்கும், பெட்ரோல் இறங்கும், பிளக்கில் மட்டும் கரண்ட் வராது. உடனே, பொறியை உரிய நேரத்தில் கிளப்பும் மின்னணுப் பெட்டியான ‘சிடிஐ போய்விட்டது’ என்று தீர்ப்பு. அந்த மாடலுக்கு சிடிஐ வருவதே நின்றுவிட்டது என்று தெரிந்ததும் வண்டி எடைக்குப் போய்விடுகிறது. கிடைக்காத பாகம் என்று தேடி அலைவதில் பலவும் உண்மையில் கெட்டே போகாதவை. கெட்டவற்றிலும் சிலவற்றைக் கையாலேயே உயிர்ப்பிக்கலாம். கழற்றிய பழைய பாகத்தை மட்டும் எறிந்துவிடக் கூடாது.

முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச். பேட்டரி இல்லாமலே பொறி தரும் ஏசி-சிடிஐ வண்டிகளில் இந்த சுவிட்ச் கரண்டைத் துண்டிப்பதில்லை, எர்த்துக்கு (வண்டியின் உலோக உடலுக்கு) திருப்பிவிடுகிறது. அதனால் சுவிட்சுக்குள் சேற்றுத் தண்ணீர் புகுந்தாலே எஞ்சின் ஊமையாகிவிடும். சிடிஐ கப்ளரில் (வயர்கள் சேரும் செருகியில்) கில் வயரை மட்டும் விலக்கிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். பொறி வந்தால் கோளாறு சுவிட்சிலோ, சாவியிலோ, இடையில் உரசித் தோல் உரிந்த வயரிலோ இருக்கிறது. பார்த்ததும் அந்த வயரைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் வண்டியை நிறுத்த வழியிருக்காது. டிசி-சிடிஐயில் கதை நேர்மாறு. அங்கே பேட்டரியின் 12 வோல்ட் சுவிட்ச் வழியாகத்தான் சிடிஐக்கு வருகிறது. இந்த இரண்டு வகைகளையும் மாற்றிப் போட்டால் கப்ளர் பொருந்தினாலும் வண்டி ஓடாது.

வயரின் நிறத்தை நம்பி ஒரு கம்பெனியின் பாகத்தை இன்னொன்றில் இணைப்பதும் ஆபத்து. ஹோண்டாவில் பச்சை எர்த், யமஹாவில் கறுப்பு. கறுப்பில் வெள்ளைக் கோடு சுசுகியில் எர்த். ஹோண்டாவில் அதுவே கில் வயர். கறுப்பில் மஞ்சள் கோடு காவாசாகியில் எர்த். ஹோண்டாவில் அது பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் இக்னிஷன் காயிலுக்குப் போவது. இணைக்கும் முன் ஒவ்வொரு வயரும் எங்கே போய் முடிகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அளவெடுக்கும்போது கப்ளரைக் கழற்றிவிட்டு, ஸ்டேட்டர் (சுழலும் காந்தத்துக்குள் அசையாமல் நிற்கும் காயில் தொகுதி) பக்கத்தில் எடுக்க வேண்டும். சிடிஐக்குக் கரண்ட் தரும் எக்சைட்டர் காயிலும், பொறி விழ வேண்டிய நேரத்தைச் சொல்லும் பிக்கப் காயிலும் பல வண்டிகளில் சில நூறு ஓம் காட்டும். பேட்டரியை சார்ஜ் செய்யும் சார்ஜிங் காயிலின் மஞ்சள் வயர்களுக்கிடையே ஒரு ஓம் அல்லது அதற்கும் குறைவு. மூன்று மஞ்சளுக்கும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும், எதுவும் எர்த்தோடு தொடர்பு காட்டக் கூடாது. குளிர்ந்த நிலையில் சரியாகக் காட்டுவதால் மட்டும் காயில் நல்லது என்று விட்டுவிடாதீர்கள். பத்து நிமிடம் ஓடி நின்று, ஆறியதும் மறுபடி ஓடும் வண்டியில், ஸ்டேட்டரை ஹேர் டிரையரால் சூடாக்கிக்கொண்டே மீட்டரைக் கவனியுங்கள். உள்ளே முறிந்த கம்பி சூட்டில் விலகும்போது அளவு சட்டென்று முடிவிலிக்குப் போகும். ஓம் கணக்கைவிட நம்பகமானது சுழற்றும்போது எடுக்கும் உச்ச வோல்டேஜ். ஹோண்டாவின் பல கையேடுகள் பிக்கப்பில் குறைந்தது 0.7 வோல்ட்டும், இக்னிஷன் காயிலின் பிரைமரியில் (சிடிஐயிலிருந்து கரண்ட் வந்து சேரும் சுற்றில்) குறைந்தது 100 வோல்ட்டும் கேட்கின்றன. சாதாரண மீட்டர் இந்தத் துடிப்பைப் பிடிக்காது; உச்சத்தைப் பிடித்து வைக்கும் அடாப்டர் வேண்டும். பிக்கப் சரி, எக்சைட்டர் சரி, எர்த் சரி, கில் வயர் விலக்கியாயிற்று, அப்போதும் பிரைமரியில் எதுவும் வரவில்லை என்றால்தான் சிடிஐ மேல் பழி போடலாம். அது ரெசினில் முழுக்கப் புதைந்திருப்பதால் பிரித்துப் பழுதுபார்ப்பது கடினம்.

எரிந்த ஸ்டேட்டரின் கதை வேறு. அதன் இரும்புத் தகடு நன்றாக இருக்கும்வரை அதைத் திரும்பச் சுற்றலாம். கம்பியை அறுக்கும் முன் ஒவ்வொரு பல்லிலும் சுற்று எந்தத் திசையில் போகிறது, எதிலிருந்து எதற்குத் தாவுகிறது என்று படம் வரைந்துகொள்ளுங்கள். பற்களும் காந்த முனைகளும் ஒரே எண்ணிக்கையில் உள்ள சிங்கிள்-ஃபேஸ் ஸ்டேட்டரில் அடுத்தடுத்த பற்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் ஒரே பக்கமாகச் சுற்றிவிட்டால் ஒன்றின் கரண்டை இன்னொன்று அழித்து, கையில் எதுவும் மிஞ்சாது. எக்சைட்டரின் மயிரிழைக் கம்பியைச் சுற்று எண்ணிப் பிரிக்க முடியாதபடி கருகியிருந்தால், அந்தச் செம்பை எடை போடுங்கள். அதே தடிமனில், அதே எடைக்குச் சுற்றினால் கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். தடிமனை எனாமலைச் சுரண்டிவிட்டு மைக்ரோமீட்டரில் எடுக்க வேண்டும். புதுக் கம்பி குறைந்தது 180 டிகிரி தாங்கும் வகையாக இருக்கட்டும். ஸ்டேட்டர் எண்ணெயில் நனையும் வண்டிகளில் சாதாரண வார்னிஷ் நாளடைவில் இளகி உரிந்துவிடும். எண்ணெயும் சூடும் தாங்கும் எபாக்ஸிதான் பூச வேண்டும். ஸ்டேட்டரைச் சுற்றியிருக்கும் மேக்னெட்டை (காந்தச் சக்கரத்தை) கழற்ற அதற்குரிய புல்லரைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். சுத்தியலால் தட்டினால் காந்தம் விண்டுவிடும்.

பேட்டரிக்குப் போகும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை வேறு வண்டியிலிருந்து எடுத்துப் போடலாம், வகை ஒத்துப்போனால். மூன்று மஞ்சள் வயர் என்றால் திரீ-ஃபேஸ் யூனிட்தான். பழைய சிறு வண்டிகள் சிலவற்றில் சார்ஜிங் காயிலின் ஒரு முனை எர்த்தில் இருக்கும். அதில் ஃபுல்-வேவ் (ஏசி அலையின் இரு பாதிகளையும் பயன்படுத்தும்) ரெகுலேட்டரை அப்படியே போட்டால் காயிலும் யூனிட்டும் சேர்ந்து சூடேறும். முதலில் அந்த எர்த் முனையைப் பிரித்துத் தனி வயராக வெளியே கொண்டுவர வேண்டும். மாற்றிய பின், எஞ்சின் வேகம் ஏறும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.8 வோல்ட்டுக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். 15-ஐத் தாண்டினால் யூனிட்டைக் குறை சொல்லும் முன் அதன் எர்த்தையும், பேட்டரி வோல்டேஜை அதற்குச் சொல்லும் சென்ஸ் வயரையும் சோதியுங்கள்.

தேடும்போது மாடல் பெயரைவிட பாக எண்தான் கைகொடுக்கும். ஹோண்டாவில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பது (31600 ரெகுலேட்டர்), அடுத்த மூன்று எழுத்து அது முதலில் எந்த வண்டிக்காக வந்தது என்பது. யமஹாவில் வண்டிக் குறியீடு முன்னால், பாகம் பின்னால் (81960 ரெகுலேட்டர்). அந்த வண்டிக் குறியீடு ஒரு மோட்டார்பைக்குடையதாக இருந்தால், ஏடிவிக் கடையில் கிடைக்காதது பைக் கடையில் கிடைக்கும். எண் தேய்ந்துபோன பழைய யூனிட்டிலும் கப்ளரின் ஊசி எண்ணிக்கையும் வடிவமும் மிஞ்சியிருக்கும். புது யூனிட்டில் ஒட்டுவதற்கு அந்தக் கப்ளரே வேண்டும். எறிய வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

ஒட்டும் முன் வயரின் தோலை ஒரு அங்குலம் சீவிப் பாருங்கள். செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் அதில் ஈயம் ஒட்டாது. பளபளப்பான செம்பு வரும்வரை பின்னால் வெட்டிப் போக வேண்டும். அதிர்வு உள்ள இடத்தில் சால்டரைவிடக் கிரிம்ப்பும் (நசுக்கிப் பிடிக்கும் இணைப்பும்), மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயும் நிலைக்கும்.

தயாரிப்பு நிறுவனங்களிடம் உங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கை. உற்பத்தி நின்ற வண்டிகளுக்குப் பாகம் தர முடியாதது புரிகிறது. வயரிங் படம், காயில்களின் ஓம் அளவு, சுழற்றும்போது வர வேண்டிய உச்ச வோல்டேஜ் ஆகிய மூன்றையாவது எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாகன மின்பணியாளர் ஒருவர்