அட்வான்ஸ் கொடுக்குமுன் 58 ஏ/15 நிலவரைபடத்தைப் பார்

அன்புள்ள மகேந்திரனுக்கு,

உன் கடிதமும் நீ அனுப்பிய காணொளியும் கிடைத்தன. இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. பெரியவனுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்துவிட்டது. மற்ற செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். கோத்தகிரிக்குக் கீழே நீ பார்த்து வைத்திருக்கும் மனையைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டும்.

"மூன்று பக்கமும் மலை, நடுவில் சமதளம், மழைக்காலத்தில் பின்னால் சிற்றோடை" என்று மகிழ்ந்து எழுதியிருக்கிறாய். நிலவியல் செய்முறைத் தேர்வில் வரைபடத்தில் இருந்த முகட்டைப் பள்ளம் என்று அடித்துச் சொல்லி, நம் வகுப்புத் தோழன் வின்சென்ட் இன்றுவரை சொல்லிச் சிரிக்கும்படி செய்தவன் நீ. அந்தப் பழக்கம் உன்னைவிட்டு இன்னும் போகவில்லை. தரகர் அழகு என்று காட்டிய மூன்றுமே எனக்கு அச்சம் தருகின்றன.

நீ குறித்தனுப்பிய இடத்தை 58 ஏ/15 என்ற எண்ணுள்ள டோப்போ ஷீட்டில், அதாவது நிலத்தின் மேடுபள்ளம் காட்டும் வரைபடத்தில், வைத்துப் பார்த்தேன். குன்னூர், கோத்தகிரி இரண்டும் அடங்கிய தாள் அது. அளவை 1:50,000 என்பதால் தாளில் இரண்டு சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளில், அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே 20 மீட்டர் உயர வேறுபாடு. ஒவ்வொரு ஐந்தாவது கோடும் தடித்திருக்கும். உன் மனைக்கு மேலே 1,500, 1,600 என்று எண்ணிட்ட இரண்டு தடித்த கோடுகளுக்கு நடுவே நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கிறது. அதாவது 200 மீட்டர் தூரத்துக்குள் நிலம் 100 மீட்டர் ஏறிவிடுகிறது. கைப்பேசியில் தெரியும் செயற்கைக்கோள் படத்தில் இது தெரியாது. மேலிருந்து பார்த்தால் எல்லாத் தேயிலைத் தோட்டமும் ஒரே பச்சைப் பாயாகத்தான் தோன்றும்.

சரிவைவிட என்னைக் கலங்க வைப்பது கோடுகளின் வளைவு. கோட்டின் முனை உயர் எண்ணை நோக்கி வளைந்தால் அது பள்ளத்தாக்கு, தாழ்ந்த எண்ணை நோக்கி நீண்டால் மலையின் மூக்கு, அதாவது வெளியே நீளும் முகடு என்று முதலாண்டிலேயே படித்தோம். உன் மனைக்குப் பின்னால் ஆறேழு கோடுகள் குதிரை லாட வடிவில் மலைக்குள் உள்வாங்குகின்றன. ஆற்றைக் காட்டும் நீலம் அங்கே இல்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடைக்குரிய மெல்லிய கருங்கோடு ஒன்று லாடத்தின் வாயிலிருந்து தொடங்கி உன் மனையை ஒட்டி இறங்குகிறது. சுற்றியுள்ள சரிவுகளின் மண்ணும் நீரும் ஆண்டுக்கணக்காக வந்து கூடுகிற குழிவு அது. நீலகிரியில் சார்னோக்கைட் என்னும் கடினப் பாறை நெடுங்காலமாகச் சிதைந்து, பல இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணாகிக் கிடக்கிறது. பெருமழையில் அந்த மண்ணின் துளைகளில் நீரழுத்தம் ஏறினால் பிடிப்புத் தளர்ந்து, சரிவு மொத்தமாக இறங்கும். அந்தச் சமதளமும் இயல்பாக அமைந்ததா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. செங்குத்தான குழிவின் அடிவாரத்தில் கோடுகள் திடீரென விலகி விசிறிபோல் விரிந்தால், முன்பு எப்போதோ சரிந்து வந்த மண் தங்கிய இடமாக அது இருக்கக்கூடும்.

2009 நவம்பரில் குன்னூர், கேத்தி வட்டாரங்களில் நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் மாண்டார்கள், மலை ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில் உடைந்த சரிவு, ஆற்றுவழியே சுமார் எட்டுக் கிலோமீட்டர் இறங்கி, முண்டக்கையையும் சூரல்மலையையும் வாரிக்கொண்டு போயிற்று. அங்கே மாண்டவர்களில் பலர் மலையின் விளிம்பில் குடியிருந்தவர்கள் அல்லர். நீர் இறங்கும் வழியில், தட்டையான இடத்தில், உன்னைப் போலவே ஓடையை விரும்பி வீடு கட்டியவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, மகேந்திரா.

பட்டா இருக்கிறது, வில்லங்கம் இல்லை, எஃப்எம்பி என்னும் புல அளவை வரைபடம் சரியாக இருக்கிறது என்று நீ எழுதியிருப்பதெல்லாம் உண்மையாக இருக்கலாம். அவை எல்லையையும் உரிமையையும் சொல்லும்; மேலே எவ்வளவு மலை நிற்கிறது என்று சொல்லமாட்டா. இவ்வளவு பணத்தைப் போடுகிறவர்கள், இந்திய நில அளவைத் துறை அச்சிட்டு வைத்திருக்கும் இந்தத் தாளை ஒருமுறைகூடப் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். நிலவியல் படித்த நீயும் பார்க்கவில்லை என்பதில் கோபமும் உண்டு.

அதே தாளில் உன் மனைக்கு வடக்கே அகன்ற ஒரு மூக்கு நீண்டிருக்கிறது. அங்கே கோடுகள் இடைவிட்டுச் செல்கின்றன. மேலே குழிவு எதுவும் இல்லை. நீர் இருபுறமும் பிரிந்து இறங்கும். தண்ணீருக்குச் சிரமம் இருக்கும், காற்றும் அதிகம், விலையும் கூடுதலாகக் கேட்பார்கள். இருந்தாலும் அந்தப் பக்கம் யாராவது விற்கிறார்களா என்று விசாரித்துவை. வருகிற சனிக்கிழமை தாளையும் ஜிபிஎஸ் கருவியையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். இரண்டு இடங்களையும் நடந்து பார்ப்போம், மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா, தரையில் வெடிப்பு உண்டா என்று தேடுவோம். அதுவரை தரகரிடம் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதே. கொடுத்துவிட்டிருந்தால் இன்றே தொலைபேசியில் சொல்.

அன்புடன்,
ராகவன்